ஏற்றத்தாழ்வுக்கு ஒரு வாக்கியம்

வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது.

வேறு ஊரில் இருக்கும் கிளை அச்சகத்துக்கு ஒரு ஃபோர்மேன் தேவைப்பட்டது. பதினெட்டு வருஷம் இயந்திரத்தோடு நின்றவன் என்று அவள் கணவனைக் கேட்டிருந்தார்கள். போனால் அங்கேயே இருக்க வேண்டியதுதான். பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். அவளால் கூடப் போக முடியாது. அகராதி அலுவலகம் இந்த ஊரில் மட்டும்தான் இருக்கிறது. அகராதி போடுவதைத் தவிர அவளுக்கு வேறு வேலை தெரியாது.

திங்கட்கிழமை சாயங்காலம் அவன் கடிதத்தை அவள் முன்னால் வைத்தான்.

"படிச்சுப் பாரு. போகவா வேண்டாமா, நீயே சொல்லு."

"உங்க வேலை. நீங்கதான் சொல்லணும்."

"நான் சொல்றது இருக்கட்டும். உனக்கு என்ன தோணுது?"

"எனக்கு நீங்க போக வேண்டாம்."

"இதைச் சொல்றதுக்கா இவ்வளவு சுத்தி வளைச்சே" என்று சிரித்தான். ஆனால் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மடித்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தான். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அவள் அதைப் பார்த்தாள்.

புதன்கிழமை காலை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "போகலைன்னு எழுதிடறேன். இன்னிக்கு ஒரு கவர் வாங்கிட்டு வர்றேன்" என்றான், கறிகாய் வாங்கி வருகிறேன் என்பதைப் போல. அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தால் கேலி செய்தே கொன்றுவிடுவான்.

இருவரும் வேலை பார்ப்பது ஒரே கட்டிடம். மூன்றாவது மாடியில் அகராதிப் பிரிவு, தரைத்தளத்தில் அச்சகம். அவள் துணையாசிரியர், அவன் மெஷின்மேன். மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களைக் "கீழே" என்றே சொல்வார்கள். "கீழே குடுத்தாச்சா?", "கீழே கேட்டுச் சொல்றேன்." கீழே இருப்பவர்களும் அப்படித்தான்: "மேல திருத்தம் போட்டிருக்காங்க." கேன்டீன் ஒன்றுதான். ஜன்னலோரம் இருக்கும் நான்கு மேஜைகளில் யார் உட்காரலாம் என்று எந்தப் பலகையும் கிடையாது. ஆனாலும் மை படிந்த கை எதுவும் அந்த மேஜைகளின் மேல் இருந்து அவள் பார்த்ததில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அச்சில் ஏறிவிட்ட ஒரு பக்கத்தை நிறுத்துவதற்காக அவள் மூச்சிரைக்கப் படியிறங்கி ஓடினாள். ஒரு சொல்லின் பொருள் பக்கத்துச் சொல்லுக்குப் போய்விட்டிருந்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவன் அந்தத் தாளைப் பார்த்தான்.

"இவ்வளவு பெரிய தப்பு உங்க கண்ல படலையா?" என்று கேட்டாள். யார் மீதாவது கோபப்பட வேண்டியிருந்தது.

"நாங்க எங்கங்க படிக்கறோம்? மை சரியா விழுந்திருக்கான்னு பார்ப்போம், அவ்வளவுதான்" என்றான் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு. அவள் சிரித்துவிட்டாள்.

அகராதிக்காரர்கள் எல்லாரிடமும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். பஸ்ஸில், கடையில், ஆஸ்பத்திரி வரிசையில், யார் எந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறார்கள் என்று காதில் விழுந்ததை அப்படியே எழுதிக்கொள்வார்கள். அவன் அதைத் தெரிந்துகொண்ட பிறகு அவளுக்கு வாக்கியங்களாகக் கொண்டுவர ஆரம்பித்தான். மற்ற ஆண்கள் பூ வாங்கி வருகிற இடத்தில், அவன் படிக்கட்டு முனையில் நின்று, "மேடம், இன்னிக்கு ரெண்டு மாட்டுச்சு" என்பான். பைண்டர் கடன் கேட்ட விதம், லாரி டிரைவர் தன் மாமியாரைத் திட்டிய விதம். ஒரு எழுத்து மாறாமல் சொல்வான். அவன் காது அவள் காதைவிட நல்ல காது.

கல்யாணப் பேச்சு வந்தபோது வீட்டில் பெரிய ரகளை. "எம்.ஏ. படிச்சுட்டு மெஷின் துடைக்கறவனா?" என்றாள் அம்மா. "இவ ஒரு அகராதி பிடிச்சவ, சொன்னா கேக்கவா போறா" என்றாள் அக்கா. அவள் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: எங்களுக்குள்ள எந்த ஏற்றத்தாழ்வும் இல்லை. வீட்டில் சொன்னாள், தோழிகளிடம் சொன்னாள், அவனிடமும் சொன்னாள். ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை நம்பவும் செய்தாள்.

அந்தச் சொல்லே இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் மேஜைக்கு வந்தது.

புதிய தொகுதிக்கான சொற்களைத் தலைமையாசிரியர் பிரித்துக் கொடுப்பார். அவர் பேசினால் அதற்கு மேல் யாரும் பேச முடியாது. அதனால் அலுவலகத்தில் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். அவருக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியத்தை யாரும் உட்கார்ந்து இட்டுக்கட்டக் கூடாது. யாராவது, எங்கேயாவது, உண்மையாகவே சொன்னதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் அட்டை. அட்டையின் அடியில் கட்டங்கள்: சொன்னவர் ஆணா பெண்ணா, வயது, தொழில், படிப்பு, கேட்ட இடம். பத்தாம் வகுப்பு முடிக்காதவர் என்றால் வாக்கியத்தின் முடிவில் 'ப.பே.' என்று அச்சாகும். படிக்காதவர் பேச்சு.

ஏற்றத்தாழ்வு என்ற சொல்லுக்குப் பொருள் எழுதுவது அவளுக்குச் சிரமமாக இல்லை. 'ஒன்றாக இருக்கும் மனிதரிடையே உயர்வு, தாழ்வு என நிலவும் வேறுபாடு.' அரை மணி நேர வேலை. எடுத்துக்காட்டுதான் அகப்படவில்லை. செய்தித்தாள்களிலிருந்து ஐந்து வாக்கியம் கொண்டுபோனாள். பொருளாதார ஏற்றத்தாழ்வு, பிராந்திய ஏற்றத்தாழ்வு, சமூக ஏற்றத்தாழ்வுகளைக் களைவோம்.

முற்றுப்புள்ளி ஐந்தையும் சீட்டுக்கட்டைப் போல நகர்த்திப் பார்த்தார்.

"எல்லாம் மைக் முன்னால நின்னு பேசினது. இந்தச் சொல்லை வீட்ல யாரும் சொல்றதில்லையாம்மா?"

"தேடறேன் சார்."

"ஒரு வாயிலிருந்து கொண்டு வாங்க. போதும்."

மூன்று வாரம் தேடினாள். பஸ்ஸில் கேட்டாள், ரேஷன் வரிசையில் கேட்டாள், பல் ஆஸ்பத்திரியில் கேட்டாள். யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அவர்கள் வேறு என்னென்னவோ சொன்னார்கள். "அவங்க பெரிய இடம், நாம போய் எப்படிக் கேக்கறது." "எனக்குத் தரையே போதும்மா, நீங்க உக்காருங்க." "டாக்டர் சொன்னார், எனக்குப் புரியலை, புரியலைன்னு சொல்லலை." ஒவ்வொன்றும் அந்தச் சொல்லின் பொருளைத்தான் சொன்னது, அந்தச் சொல் மட்டும் இல்லாமல். அதைச் சுமப்பவர்களுக்கு அதன் பெயர் தேவைப்படவில்லை என்று ஒரு நாள் நோட்டில் எழுதினாள். எழுதியது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினாள். நான்கு மாதத்துக்கு முன்னால் எழுதியது ஒன்று இருந்தது.

அக்கா புது வீட்டுக்குக் குடிபோன ஞாயிற்றுக்கிழமை. ஐம்பது பேருக்குச் சாப்பாடு. அத்தான் தன் நண்பர்களிடம் அவனை, "இவர் என் சகலை. அகராதி ஆபீஸ்ல இருக்கார்" என்று அறிமுகப்படுத்தினார். அகராதி ஆபீஸில் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லாமல் தாண்டிப் போனார். பந்தி தொடங்கும் நேரத்தில் ஹாலில் ஃபேன் சத்தம் போட்டது.

"தம்பி, அது என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றாள் அக்கா. "எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டா இன்னிக்கு எவன் வருவான்?"

அவன் புதுச் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு ஸ்டூலில் ஏறினான். அவள் கூடப் படித்தவர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், சிரித்தாள். பக்கத்தில் ஓர் இடம் பிடித்து வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவன் இறங்கி, கை கழுவி, சாப்பிட உட்கார்ந்தபோது சமையல்காரர்கள் பாத்திரம் கழுவ ஆரம்பித்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் அவன் சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்:

"நமக்குள்ள ஏற்றத்தாழ்வே இல்லைன்னு நீதான் சொல்லிட்டிருக்கே. உங்க ஆளுங்க சிரிப்பா ஏதாவது சொன்னா, இதுக்கு நான் சிரிக்கலாமான்னு உன் மூஞ்சியப் பார்த்துட்டுத்தான் நான் சிரிக்கறேன்."

அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பஸ் வந்துடுச்சு, ஏறுங்க."

பஸ்ஸில் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்ததும் நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதினாள். மறந்துவிடக் கூடாதே என்ற அவசரம். எழுதி முடித்த பிறகு, மூன்று வரிசை பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவனைத் திரும்பிப் பார்த்தாளா என்பது அவளுக்கு நினைவில்லை.

அட்டையை நிரப்ப ஐந்து நிமிஷம்தான் ஆனது. ஆண். முப்பத்தெட்டு. இயந்திரம் இயக்குபவர். படிப்பு: எட்டாம் வகுப்பு. கேட்ட இடம்: பஸ் நிறுத்தம். பெயருக்குக் கட்டமே கிடையாது. அச்சாவது கீழேதான், அவன் கையால்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு கணம் தயங்கினாள். பிறகு, அவர்கள் எங்கே படிக்கிறார்கள், மை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அட்டையைப் பெட்டியில் போட்டாள். இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை முற்றுப்புள்ளி அவள் மேஜைக்கே வந்தார். அவர் யார் மேஜைக்கும் வருகிறவர் இல்லை.

"அந்த ஐந்தையும் எடுத்துட்டேன். உங்க பஸ் நிறுத்தத்தை மட்டும் வெச்சிருக்கேன். ஒரு சொல்லுக்கு ஒரு வாக்கியம் போதும், அது இப்படி இருந்தா. நேத்தே கீழே குடுத்தாச்சு. முடிஞ்ச சொற்களை மட்டும் வெச்சு, கருத்துக் கேக்க அறுபது கல்லூரிக்குப் பார்வைப் படி போகுது."

அவர் போன பிறகு அவள் கையிலிருந்த பேனாவை மூடிவிட்டு எழுந்தாள். படி இறங்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டாள். ஒரு வாக்கியத்தை எடுக்க வேண்டும். பொருந்தவில்லை. மேலே சொல்லிவிட்டார்கள். அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். நேற்று அவன் வாங்கி வந்த கவர் இன்னும் ஒட்டப்படாமல் சட்டைப் பையில்தான் இருக்கும்.

அச்சகத்தில் இயந்திரம் ஓடவில்லை. பதினாறு பக்கம் கொண்ட முதல் பாரம் அடித்து முடித்துத் தாள்கள் மேஜையில் உயரமாக அடுக்கியிருந்தன. உள்ளே மூன்று பேர். தாள் வெட்டுகிற பெரியவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒல்லியாக இருப்பதால் குண்டூசி என்று பெயர் வாங்கிய உதவி மெஷின்மேன் ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். இவர்கள் இருவருக்கும் முதுகைக் காட்டியபடி, அவள் கணவன் ஒரு துணியால் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இதைக் கேளுங்க. எவனோ ஒருத்தன், பொண்டாட்டி மூஞ்சியப் பார்த்து உத்தரவு வாங்கிட்டுத்தான் சிரிக்கறானாம். ப.பே. போட்டிருக்காங்க. நம்ம கட்சி ஆளு."

"டேய், அவன் பாடு அவனுக்கு" என்றார் பெரியவர். "எந்த வயித்தெரிச்சல்ல சொன்னானோ."

"இதையெல்லாம் போய் எங்கே ஒட்டுக் கேக்கறாங்களோ." குண்டூசி நிமிர்ந்து வாசலில் நின்ற அவளைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு, பிறகு சமாளிப்பதுபோல் பல்லைக் காட்டினான். "வாங்க மேடம். உங்க இடத்துச் சரக்குதான் படிச்சிட்டிருக்கோம். நாங்க சிரிக்கலாங்களா மேடம்?"

அவள் சிரித்தாள்.

வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. முகம் தானாகவே சிரித்துவிட்டது. மேலே இருந்து வருகிறவர்கள் கீழே இருப்பவர்களின் வேடிக்கைக்குச் சிரிக்கிற அந்தச் சிரிப்பு, அரைப் பல் தெரிகிற சிரிப்பு. சரியாக அந்த நேரத்தில் அவன் திரும்பினான்.

"சொல்லுங்க மேடம். ஏதாவது திருத்தமா?"

அலுவலகத்தில் அவன் எப்போதும் மேடம் என்றுதான் கூப்பிடுவான். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. இப்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை, கோபமும் இல்லை. திருத்தம் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவனின் குரலாக இருந்தது.

"ஒரு வாக்கியம் எடுக்கணும்" என்றாள்.

"எந்த வாக்கியம்?"

குண்டூசி உதவியாகத் தாளை அவள் முன்னால் நீட்டினான். வாக்கியம் தெளிவாக, கறுப்பாக, மை சரியாக விழுந்து இருந்தது. விரலை வைத்துக் காட்டினால் போதும். ஏன் என்று குண்டூசி கேட்பான். அவள் முகத்தையும் அவன் முகத்தையும் பார்ப்பான். பெரியவர் டீயைக் கீழே வைப்பார். சாயங்காலத்துக்குள் மூன்று மாடிக்கும் தெரிந்துவிடும்.

"இல்லை... இந்தப் பாரத்துல இல்லை போல. மேல போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"சரிங்க மேடம்" என்றான். உருளையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டில் அவள் அவனுக்கு முன்னால் வந்துவிட்டாள். சோறு வைத்தாள். அவன் ஆறரைக்கு வந்தான், வழக்கம்போல வாளித் தண்ணீரில் நகக்கண்களைத் தேய்த்துக் கழுவினான், உட்கார்ந்து சாப்பிட்டான். மோர் கேட்டு வாங்கிக்கொண்டான். தட்டை எடுத்துக் கழுவி வைத்த பிறகுதான் பேசினான்.

"நீ அதை எடுக்கத்தானே வந்தே?"

"ஆமா."

"அப்புறம் ஏன் எடுக்கலை?"

"எல்லாரும் இருந்தாங்க."

"எல்லாருமா? ரெண்டு பேர் இருந்தாங்க."

"நீங்க சொன்னதுன்னு தெரிஞ்சுட்டா உங்களுக்குத்தானே அவமானம்."

"எனக்கா" என்றான்.

அவள் மோர்ப் பாத்திரத்தை எடுத்து மூடி வைத்தாள்.

"அன்னிக்கு உனக்குக் கேக்கலைன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றான். "பஸ் சத்தத்துல காதுல விழலை, விழுந்திருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருப்பா, இப்படி நினைச்சுத்தான் விட்டேன். இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரலை. நீ என்னடான்னா கேட்டிருக்கே. ஒரு எழுத்து விடாம கேட்டிருக்கே."

"தப்புதான். நல்ல வாக்கியமா இருந்துச்சு, அதான்..."

"நல்ல வாக்கியம்தான். நானும் இன்னிக்குத்தான் படிச்சுப் பார்த்தேன்."

"அந்த ப.பே. நான் வேணும்னு போட்டதில்லை. பத்தாவது முடிக்காதவங்க எல்லாருக்கும் அது தானா விழும்."

"தெரியாதா எனக்கு? ஆயிரம் ப.பே. அடிச்சிருக்கேன்." சொல்லிவிட்டு ஏதோ நினைவு வந்தவனாக நிமிர்ந்தான். "நான் உனக்குக் கொண்டாந்து குடுத்தேனே, படிக்கட்டுல நின்னுட்டு. அதுக்கெல்லாமும் அதான் போட்டியா?"

இதுவரை அவள் அதை யோசித்ததே இல்லை. இப்போது யோசித்தாள். பைண்டர், லாரி டிரைவர், கேட் வாட்ச்மேன், தண்ணீர் கேன் போடுகிறவர். அத்தனை பேரும் பெட்டியில் அந்த இரண்டு எழுத்துக்குப் பக்கத்தில் இருந்தார்கள்.

"ஆமா" என்றாள்.

"சரி."

"நீங்கதானே சொன்னீங்க, நாங்க படிக்க மாட்டோம், மைதான் பார்ப்போம்னு."

"அது உன்னைச் சிரிக்க வைக்கச் சொன்னது" என்றான். "ஒன்பது வருஷமா அதை நிஜம்னா நினைச்சுட்டிருக்கே?"

அவன் திட்டியிருந்தால் அவளும் பதிலுக்குத் திட்டி, அழுது, எப்படியாவது இருவரும் அந்தச் சாயங்காலத்தைக் கடந்திருப்பார்கள். முன்பு எத்தனையோ சண்டைகளை அப்படிக் கடந்திருக்கிறார்கள். அவள் அவன் கையைப் பிடித்தாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. யாரோ தெரியாதவர் பஸ்ஸில் தவறிப் பிடித்த கையைப் போல அது அவள் கைக்குள் சும்மா இருந்தது.

"கோபமா?"

"கோபம் வந்தா நல்லா இருக்கும். வரமாட்டேங்குது. அந்த வேலைக்கு நான் போறேன்."

"நான் வேலைய விட்டுடறேன். உங்க கூடவே அந்த ஊருக்கு வந்துடறேன்."

"வந்து? எனக்காக எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவளாச்சேன்னு தினமும் உன் மூஞ்சியப் பார்க்கணும். அது இதைவிடக் கஷ்டம்." பிறகு, அவளைத் தேற்றுவதுபோலச் சொன்னான்: "நீ கெட்டவ இல்லை. அதுதான் பிரச்சினையே. கெட்டவளா இருந்தா எப்பவோ எனக்குப் புரிஞ்சிருக்கும்."

வெள்ளிக்கிழமை காலை அவன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பதில் எழுதினான். அவன் எழுதும் எதையும், மின்சார ஆபீஸுக்குப் போடுகிற மனுவைக்கூட, அவளிடம் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் அனுப்புவான். அன்றைக்கு எழுதி முடித்ததும் மடித்து, கவரில் போட்டு, ஒட்டினான். முகவரியை நிதானமாக எழுதினான். அழகான கையெழுத்து. அதையும் அவள் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று அலுவலகத்தில் அவள் முற்றுப்புள்ளியின் அறைக்குப் போனாள்.

"சார், அந்த வாக்கியத்தைக் கடைசிப் பதிப்புல எடுத்துடலாம்னு..."

"ஏன்? இட்டுக்கட்டினதா?"

"இல்லை சார்."

"சொன்னவர் வேண்டாங்கறாரா?"

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுக்கச் சொல்லவும் இல்லை. "இல்லை சார்" என்றாள்.

"அப்போ இருக்கட்டும்மா. இந்தத் தொகுதியிலயே உசுரோட இருக்கற வாக்கியம் அது ஒண்ணுதான்."

அவள் தன் இடத்துக்கு வந்தாள். அடுத்த சொல் மேஜையில் காத்திருந்தது. ஏற்றம். தண்ணீர் இறைப்பது, விலை கூடுவது, மேடாக இருப்பது என்று அதற்கு நான்கு பொருள். மத்தியானம் வரை ஓர் அட்டையும் எழுதவில்லை. கேன்டீனில் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தாள். எதிர் ஓரத்தில் அவன் குண்டூசியோடு உட்கார்ந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான். யார் முகத்தையும் பார்க்காமல், தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டை தெரியச் சிரித்தான். ஏழு வருஷத்தில் தன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் இப்படிச் சிரித்திருக்கிறானா என்று யோசித்துப் பார்த்தாள். எழுந்து அங்கே போய் உட்கார வேண்டும் போலிருந்தது. போனால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். போகவில்லை.

பத்து நாளில் அவனை இங்கிருந்து விடுவித்தார்கள். அந்தப் பத்து நாளும் வீடு அமைதியாக, மரியாதையாக நடந்தது. அவளுக்குத் தலைவலி என்றால் மாத்திரை எடுத்துக் கொடுத்தான். ஃப்யூஸ் போனபோது போட்டான். அக்கா ஃபோன் செய்தாள். "ஃபோர்மேன்னா நல்ல விஷயம்தானே. இனிமே அவர் என்ன பண்றார்னு தைரியமா சொல்லிக்கலாம்" என்றாள் சந்தோஷமாக. அவள் ஃபோனை வைத்தாள். இரண்டு மாதம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே அதை நம்பவில்லை.

கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை காலை அவளைப் பின்பக்கம் கூப்பிட்டான். தண்ணீர் மோட்டார் அங்கேதான் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தொட்டதில்லை. மாடித் தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருந்தது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

"நாலு நாள் ஓட்டலைன்னா ஏர் பிடிச்சுக்கும். சத்தம் மட்டும் வரும், தண்ணி ஏறாது. அப்போ இந்த மூடியைக் கழட்டணும்." ஸ்பேனரை அவள் கையில் வைத்தான். "இந்தப் பக்கம் திருப்பு. இல்லை, இந்தப் பக்கம். ம். இப்போ குவளையில தண்ணி எடுத்து மெதுவா ஊத்து. குமிழ் வரும். குமிழ் நிக்கற வரைக்கும் ஊத்தணும்."

அவள் ஊற்றினாள். பாதி வெளியே சிந்தியது.

"பரவாயில்லை. பழகிடும்."

வீடு மாற்றிக்கொண்டு போகிறவர் புதிதாக வந்தவருக்குச் சொல்வதைப் போல, பொறுமையாக, ஒன்றையும் விடாமல் சொன்னான். எலக்ட்ரீஷியன் நம்பரைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்தான். மூடியை அவளையே முறுக்கச் சொல்லி, தான் ஒரு சுற்று சரிபார்த்தான். அந்த அக்கறையைப் பார்க்கப் பார்க்க, இவன் திரும்பி வரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெளிவாகிக்கொண்டே வந்தது.

"எப்ப வருவீங்க?" என்று கேட்டாள்.

"ஸ்விட்சைப் போடு."

போட்டாள். மோட்டார் முனகி, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. குழாயில் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது.

"தொட்டி நிரம்ப இருபது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் இங்கேயே நில்லு. பாதியில விட்டுட்டு வந்துடாதே" என்று சொல்லிவிட்டு, பெட்டியைக் கட்டுவதற்கு உள்ளே போனான்.

அவள் ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். உள்ளே அலமாரிக் கதவு திறந்தது, மூடியது. பெட்டியின் ஜிப்பை இழுத்தான். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டது, பின்னால் தள்ளி மறுபடி இழுத்தான். உள்ளே போய் அந்த ஓரத்தைப் பிடித்துக்கொடுத்தால் சுலபமாக மூடிவிடலாம். மேலே தண்ணீர் விழுகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருந்தது.